நீங்கள் ஊரிலை எவடம்?

எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் இரண்டு பேர் லண்டனில் எங்கே சந்தித்தாலும், அது பஸ் தரிப்பிடமாக இருந்தாலும் செத்தவீடாக இருந்தாலும், சுகம் விசாரித்து, பிள்ளைகள் என்ன படிக்கினம் என்று கேட்டு முடிந்ததும் அடுத்து வருவது இந்தக் கேள்விதான். "நீங்கள் ஊரிலை எவடம்?"

எவடம் என்றால் எந்த இடம். அவ்வளவுதான் அர்த்தம் என்று நினைப்பவர்கள் புண்ணியம் செய்தவர்கள். ஊரைச் சொன்னால் ஊரில் எந்தப் பக்கம் என்பார்கள். பக்கத்தைச் சொன்னால் எந்தக் கோயிலடி. கோயிலடியைச் சொன்னால் எந்தச் சந்து, எந்த ஒழுங்கை. ஒழுங்கை வாயிலிருந்து விழுந்ததும் கேட்டவரின் முகம் ஒன்றில் விரியும், இல்லாவிட்டால் சுருங்கும். சாதி என்ற சொல் மட்டும் மருந்துக்கும் வராது. படித்த ஆட்கள் அல்லவா, நாகரிகம் தெரிந்தவர்கள்.

என்னிடம் இதற்கு ஒரு பதில் இருந்தது. "ரவுண் பக்கம்." ரவுண் என்றால் பட்டணம். யாழ்ப்பாண ரவுணில் எல்லாச் சாதியும் கலந்து கிடப்பதால் அங்கே கேள்விக்குக் கொஞ்சம் மூச்சு வாங்கும். விடாக்கண்டர்கள், "ரவுணிலை எவடம்?" என்று அடுத்த படி ஏறுவார்கள். "ஆசுப்பத்திரிக்குக் கிட்ட" என்பேன். "கிட்ட எண்டால்?" என்றால், "அதெல்லாம் இப்ப மாறிப்போச்சு" என்பேன். அந்த நேரம் பார்த்து என் கைத்தொலைபேசி அடிக்கும். அடிக்காவிட்டாலும் அடிக்கும்.

உண்மையில் என் கணவரின் ஊருக்கும் ரவுணுக்கும் இடையில் பஸ்ஸில் போனாலே இடுப்பு ஒடிந்துவிடும். என் ஊர் அவருடைய ஊருக்கு அடுத்தது. இரண்டு பக்கத்திலும் ஆண்கள் பனையேறிக் கள்ளிறக்கியவர்கள். இறக்கிய கள்ளை வாங்கிக் குடிக்கிறவர்கள் எங்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள். அவர்களும் நாங்களும் சேர்ந்துதான் அகதியாக ஓடினோம், சேர்ந்துதான் ஜெர்மனியில் முகாமில் வரிசையில் நின்றோம், பிறகு லண்டனுக்கு வந்தோம். விமானம் மாறி, நாடு மாறி, பாஷை மாறி வந்தவர்கள் அந்த ஒரு கேள்வியை மட்டும் கசங்காமல் மடித்துக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறார்கள். என்ன பொறுப்பு!

எங்கள் மகள் கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற இடத்தில் ஒரு மிருக வைத்தியசாலையில் நேர்ஸாக இருக்கிறாள். பல்கலைக்கழகத்தில் படித்த காலத்திலிருந்து ஒரு பையனோடு பழக்கம். வெஸ்ட் ஈலிங்கில் வீடு, வங்கியொன்றில் கம்ப்யூட்டர் வேலை. பெடியன் வடிவு, மரியாதை, சிரித்த முகம். இரண்டு பேரும் கலியாணம் என்று முடிவெடுத்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது இரண்டு பக்கத்துப் பெற்றோரும் சந்திப்பது.

இதற்குப் பெரிய இழுபறி. அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் சம்மதம் என்று ஆகிவிடுமாம். நாங்கள் அங்கே போனால் நாங்கள் இறங்கிப் போன மாதிரி. கடைசியில் பையன் ஒரு வழி கண்டுபிடித்தான். அவனுக்கும் என் மகளுக்கும் யப்பான் என்றால் பைத்தியம். லண்டன் நடுவில் ஒரு மியூசியத்தில் பழைய யப்பானைப் பற்றி ஒருநாள் நிகழ்ச்சி. காலையில் போர்வீரர்களையும் பிரபுக்களையும் பற்றிய காட்சியைச் சுற்றிக் காட்டுவார்கள், பின்னேரம் துணியில் சாயம் போடும் யப்பானியக் கைவேலை சொல்லித் தருவார்கள். சாப்பாட்டுக் கடையில் சந்தித்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும், மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டியைப் பார்க்கலாம் என்று சொன்னானாம். கெட்டிக்காரன் என்றுதான் அப்போது நினைத்தேன்.

என் கணவர் வரமாட்டேன் என்றுவிட்டார். காலைத் தேநீரைக் குடித்துக்கொண்டு, "நீர் போயிட்டு வாரும். எனக்கு வாய் நிக்காது. கேட்டினமெண்டால் சொல்லிப்போடுவன்" என்றார். அவர் அப்படித்தான். பொய்யும் வராது, மழுப்பவும் தெரியாது. ஆகவே எவராவது கேட்கக்கூடிய இடங்களுக்குப் போகாமலே வாழ்ந்து பழகிவிட்டார். வேலை, வீடு, தோட்டத்தில் நாலு மிளகாய்க் கன்று.

இல்ஃபோர்ட்டில் ரெயில் ஏறியதும் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஆங்கிலத்தில்தான் பேசுவாள், அம்மா என்ற சொல்லைத் தவிர. எங்கள் சாதி பற்றி அவனுக்குத் தெரியும் என்றாள். தானே சொல்லிவிட்டாளாம். அவன் அதையெல்லாம் பார்க்கிறவன் இல்லையாம். அவனுடைய தாய் தகப்பனுக்குத்தான் இன்னும் தெரியாதாம். அவர்களும் படித்தவர்கள், நல்லவர்கள், ஆனால் நீங்கள் சண்டை பிடிக்காதேயுங்கள் என்றாள். நான் எப்போது சண்டை பிடித்தேன் என்று கேட்டேன். அதற்கு ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தமிழில், சின்னப் பிள்ளை மாதிரி, "எனக்கு இவன் வேணும், அம்மா" என்றாள்.

அந்த ஒரு வசனத்துக்காகத்தான் அன்று பின்னேரம் வரையில் என் வாயை நான் தைத்து வைத்திருந்தேன். இல்லாவிட்டால் காலை முதல் அரைமணித்தியாலத்துக்குள்ளேயே கதை முடிந்திருக்கும்.

சம்பந்தியாக வரப்போகிறவர்கள் வாசலில் நின்றார்கள். அவர் கோட்டும் கழுத்தில் ரையும். அந்த அம்மா மியூசியத்துக்குக் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு வந்திருந்தா, குளிருக்கு மேலே ஒரு பெரிய கோட், கோட்டுக்கு வெளியே எடுத்துவிட்ட தாலிக்கொடி. கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பவற்றோடு போட்டி போட வந்த மாதிரி. என்னை மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அவர் வரேல்லையோ?" என்றா. வேலை என்றேன். "சனிக்கிழமையும் வேலையோ, பாவம்" என்றா. இந்தப் பாவம் என்ற சொல்லை அன்று முழுவதும் தாராளமாக விநியோகித்தா.

எங்கள் குழுவைக் கூட்டிக்கொண்டு போனது ஒரு யப்பானியப் பெண்மணி. நடுத்தர வயது, மெல்லிய குரல். பின்னேரம் கைவேலை சொல்லித் தரப்போவதும் தான்தான் என்றார். முதல் அறையில் வாள்கள். சாமுராய் என்று அவர் வாயெடுத்ததும் சம்பந்தியார் கையை உயர்த்திவிட்டார்.

"எக்ஸ்கியூஸ் மீ. அது தமிழ்ச் சொல்" என்றார் ஆங்கிலத்தில். பிறகு என் பக்கம் திரும்பி, "சமர் எண்டால் சண்டை. ராயர் எண்டால் தலைவர். சமர்ராயர். அதுதான் சாமுராய். இதை ஒருத்தரும் சொல்லாயினம்" என்றார்.

அந்தப் பெண்மணி தலையைக் குனிந்து கேட்டுவிட்டு, அந்தச் சொல் பக்கத்தில் நின்று பணிவிடை செய்வது என்ற பழைய யப்பானிய வினைச்சொல்லிலிருந்து வந்ததாகச் சொல்கிறார்கள் என்றார். பிரபுவுக்கு ஏவல் செய்கிறவன். "அது பிறகு வந்த கருத்து" என்றார் சம்பந்தியார். யப்பானியப் பெண்ணுக்கு யப்பான் பாஷை படிப்பிக்கிற அளவுக்கு எங்கள் ஆட்களுக்கு நெஞ்சு இருக்கிறது. கண்டறியாத சமர்ராயர்!

அடுத்த அறையில் சமூகத்தை நாலு படியாகப் பிரித்துவைத்த கதை. மேலே போர்வீரன். அடுத்தது விவசாயி. அதற்குக் கீழே கைத்தொழில்காரன். கடைசியில் வியாபாரி. விவசாயி இரண்டாவது என்றதும் சம்பந்தியாருக்கு முகமெல்லாம் பூத்து வந்த புழுகத்தைப் பார்க்கவேண்டும்! பெஞ்சாதியை முழங்கையால் இடித்தார். "பாத்தீரோ, அங்கையும் தோட்டந்துரவுக்காரன் மேலைதான். எங்கடை ஆக்கள் மாதிரியே." அவருடைய நகத்துக்குள் ஒருநாளும் மண் போனதாக எனக்குத் தோன்றவில்லை. பள்ளிக்கூடத்தில் அதிபராக இருந்த தகப்பனின் மகன், இங்கே கணக்காளர். விவசாயியை மேலே வைத்தது பேச்சுக்குத்தான், அவனுடைய அரிசியில் பெரும்பகுதியைப் பிரபு வாங்கிக்கொண்டுவிடுவான் என்று அந்தப் பெண்மணி தொடர்ந்து சொன்னார். அந்தப் பகுதி இவருடைய காதில் ஏறவில்லை.

மரியாதை தவறிய சாதாரண ஆளை அந்த இடத்திலேயே வெட்டிப்போடும் உரிமை வீரனுக்கு இருந்தது என்று இன்னொரு இடத்தில் எழுதியிருந்தது. "அந்தக் காலத்திலை ஒரு ஒழுங்கு இருந்தது" என்றார் சம்பந்தியார். நான் ஒரு குடுவையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தக் குடுவையை யார் செய்தார்கள், எதற்கு என்று கேட்டால் எனக்கு இன்றைக்கும் தெரியாது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம்.

பிறகு கவசங்கள். ஆள் இல்லாமல் ஆள் குந்தியிருப்பது போல உட்கார வைத்திருந்தார்கள். பட்டுக் கயிற்றால் கோத்த சின்னச் சின்னத் தகடுகள், கறுப்புப் பளபளப்பு. எல்லாம் இரும்பு என்றுதான் நான் நினைத்தேன். இல்லை, இதில் பாதி மாட்டுத் தோல், மேலே அரக்குப் பூசியிருக்கிறது என்றார் அந்தப் பெண்மணி. பிறகு தோலைப் பதனிட்டவர்களைப் பற்றிச் சொன்னார். அந்த நாலு படியில் ஒன்றிலும் அவர்கள் இல்லை. தீட்டு என்று ஊருக்கு வெளியே ஆற்றங்கரையில் ஒதுக்கி வைத்தார்கள். அவர்கள் செய்த தோலை உடம்பில் கட்டிக்கொண்டு போன வீரன் அவர்களைத் தன் வீட்டு வாசற்படி மிதிக்க விடமாட்டான். அந்தச் சட்டமெல்லாம் போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, ஆனாலும் கலியாணம் பேசும்போது பூர்வீக இடம் எது என்று இரகசியமாகத் துருவிப் பார்க்கிறவர்கள் இப்போதும் அங்கே இருக்கிறார்கள் என்றார்.

என் மகள் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அவளுடைய காது மட்டும் தெரிந்தது. சிவந்திருந்தது.

காஞ்சிபுரம் அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே கலங்கியது. கைப்பையிலிருந்து ரிசுக் கடதாசி எடுத்து ஒற்றிக்கொண்டா. "ஐயோ, பாவங்கள். எவ்வளவு கொடுமை பாருங்கோ. இவ்வளவு முன்னேறின நாடு, இப்பிடியுமோ? மனிசரை மனிசர் இப்பிடி நடத்துறதோ?" என்றா. மூக்கையும் துடைத்தா. ரிசுவை மடித்துப் பைக்குள் வைத்தா. பையின் வாயை மூடிவிட்டு என் பக்கம் சரிந்தா.

"அதுசரி, நீங்கள் ஊரிலை எவடம்?"

எனக்குச் சிரிப்பு வந்ததா, வாந்தி வந்ததா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. யப்பான்காரனுக்காக வடித்த கண்ணீர் காயவில்லை, அதற்குள் வேலையைத் தொடங்கிவிட்டா. "ரவுண் பக்கம்" என்றேன்.

"ரவுணிலை?"

"ஆசுப்பத்திரிக்குக் கிட்ட."

"பிறந்ததோ, கலியாணம் கட்டிப்போன இடமோ?"

"அதெல்லாம் இப்ப மாறிப்போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த கவசத்துக்கு நகர்ந்துவிட்டேன்.

மத்தியானம் கீழே கன்டீனில் சாப்பாடு. அந்த அம்மா வீட்டிலிருந்து மட்டன் ரோல்ஸ் செய்து கொண்டுவந்திருந்தா. நல்ல ரோல்ஸ், குறை சொல்லமாட்டேன். ஒவ்வொரு ரோல்ஸோடும் ஒரு கேள்வி வந்தது. எந்தப் பள்ளிக்கூடம்? அவருக்கு எத்தனை சகோதரம்? அவை எங்கை? ஊரிலை இப்ப ஆர் இருக்கினம்? கோயில் திருவிழாவுக்குப் போறனீங்களோ? எந்தக் கோயில்? என் தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. மூன்றாம் தடவை அதைக் காதில் வைத்தபோது என் மகள் எனக்கு மட்டும் கேட்க, "அம்மா, அதில் சத்தமே வரவில்லை" என்றாள்.

அந்தப் பையன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தான். தாய் என்ன கேட்கிறா, ஏன் கேட்கிறா என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "அம்மா, காணும், விடுங்கோ" என்று ஒரு சொல். அதை அவன் சொன்னால் போதும், மிச்ச நாள் முழுவதும் நான் சந்தோசமாக மழுப்பிக்கொண்டு இருந்திருப்பேன். அவன் எனக்குத் தண்ணீர் ஊற்றித் தந்தான். மரியாதையான பெடியன்.

பின்னேரம் கைவேலைக்கு ஒரு நீள அறை. மேசைக்கு மேசை குழுக்கள், எங்கள் மேசையில் நாங்கள் ஐந்து பேரும். முன்னால் தடித்த மண்ணிறக் கடதாசி, கூர்க்கத்தி, பென்சில், ஒரு சட்டியில் அரிசிப் பசை. கடதாசியில் உருவம் வெட்டி, அதைத் துணியில் வைத்துப் பசை பூசி, காய்ந்தபின் நீலச் சாயம் தடவவேண்டும். பசை இருந்த இடம் வெள்ளையாக மிஞ்சும். பிரபுக்களின் கொடியிலும் விளக்கிலும் உடுப்பிலும் குடும்பச் சின்னம் இப்படித்தான் விழுந்தது என்று அந்தப் பெண்மணி விளக்கினார். பூ, இலை, பறவை, எதுவானாலும் சரி, நீங்களும் உங்கள் குடும்பத்துக்கு ஒரு சின்னம் யோசித்து வரையுங்கள் என்றார்.

சம்பந்தியாருக்கு யோசனையே தேவைப்படவில்லை. பென்சிலை எடுத்து ஒரு வளைவு, அதற்குள் ஒரு கோடு, பக்கத்தில் இரண்டு எழுத்து என்று மளமளவென்று போட்டார். "வீ ஓல்ரெடி ஹாவ்" என்றார். பரம்பரை பரம்பரையாக வந்த சின்னமாம்.

அந்தப் பெண்மணிக்குப் பெரிய சந்தோசம். கொடியில் போட்டீர்களா, வாசலில் போட்டீர்களா என்று கேட்டார். சம்பந்தியார் தொண்டையைச் செருமினார். சொத்துகளில் போட்டோம் என்றார்.

நான் பார்த்த உடனேயே கண்டுவிட்டேன். குறி. மாட்டுக்குச் சுடுகிற குறி. எங்கள் பக்கத்தில் ஒவ்வொரு குடும்பப் பகுதிக்கும் ஒவ்வொரு குறி இருந்தது. இரும்பைப் பழுக்கக் காய்ச்சி மாட்டின் தொடையில் வைப்பார்கள். மாடு எங்கே வழிதவறிப் போனாலும், அது எந்த ஊர், எந்தச் சாதி, எந்த வீடு என்று குறியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். மாட்டின் பின்பக்கத்தில் இருந்ததை எடுத்துக் குடும்பக் கொடியில் ஏற்றப் பார்க்கிறார் மனிசன்.

"என்ன சொத்து, அங்கிள்?" என்று என் மகள் ஆர்வத்தோடு கேட்டாள்.

"கால்நடை, பிள்ளை."

"பெயின்ற்றால் கீறுவீர்களா?"

"இல்லைப் பிள்ளை. சுடுறது."

என் மகள் கத்தியைக் கீழே வைத்தாள். நாள் முழுவதும் மிருகங்களுக்கு ஊசி போட்டுக் கட்டுக் கட்டுகிறவள். "உயிரோடையோ?" என்றாள் தமிழில்.

"மாட்டுக்கு நோகாது பிள்ளை. அது பழகிவிடும்."

நான் சிரித்துவிட்டேன். சத்தியமாக அடக்கத்தான் பார்த்தேன், முடியவில்லை. மூக்காலும் வாயாலும் வெடித்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்து மேசை வெள்ளைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, எங்களுக்கு நல்ல பொழுது போகிறது என்று நினைத்துத் தாங்களும் சிரித்தார்கள்.

சம்பந்தியாரின் முகம் இறுகியது. பென்சிலை என் பக்கம் நீட்டினார். "சரி, உங்கடை குறி என்னெண்டு கீறுங்கோவன். கீறினால் நீங்கள் ஆர் எண்டு நான் சொல்லிப்போடுவன்."

எவடம் என்பது முக்காடு போட்டுக்கொண்டு வருகிற கேள்வி. இது முக்காட்டை எடுத்துவிட்டு வந்தது.

"எங்களிட்டை மாடு இருக்கேல்லை" என்றேன்.

"மாடு இல்லாத வீடோ?" என்றா காஞ்சிபுரம் அம்மா. "அப்ப என்ன செய்தவை?"

நான் பையனைப் பார்த்தேன். அவன் தன் கடதாசியில் ஒரு பூ வெட்டிக்கொண்டிருந்தான், நல்ல வடிவான பூ. தலையை நிமிர்த்தி, அந்தச் சிரித்த முகத்தோடு, மெதுவாகச் சொன்னான்: "சொல்லிவிடுங்கோ அன்ரி. சொன்னால் முடிஞ்சுது. அவை ஒண்டும் சொல்லாயினம்."

அவனுக்குத் தெரியும். என் மகள் அவனிடம் சொல்லி எவ்வளவோ காலம். தன் வீட்டில் தான் திறக்க வேண்டிய வாயை, நான் திறக்கட்டும் என்று இவ்வளவு நாளும் காத்துக்கொண்டு இருந்திருக்கிறான். சீ, இவனும் ஒரு ஆம்பிளையா என்று நினைத்தேன். தகப்பனையாவது ஒரு வகையில் பொறுக்கலாம், அந்த மனிசன் தன் குறியைப் பெருமையாக நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறார். இவன் குறி ஒன்றுமே இல்லாத ஆள் போலச் சிரித்துக்கொண்டு, எல்லாவற்றையும் மற்றவர் தலையில் போடுகிறான்.

என் மகள் தலையைக் குனிந்திருந்தாள். "என்ரை மாமனார் பனை ஏறினவர்" என்றேன். "கள்ளிறக்கினவர். என்ரை அப்பாவும்தான். போதுமோ, இன்னும் வேணுமோ?"

காஞ்சிபுரம் அம்மாவின் கை தாலிக்கொடிக்குப் போனது. பசைச் சட்டி நடுவில் கிடந்தது. ஆனால் சம்பந்தியாரை நான் குறைத்து எடைபோட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. ரையைச் சரி செய்தார். ஒரு பெருந்தன்மை முகத்தில் வந்து உட்கார்ந்தது.

"சீச்சீ, இதென்ன கதை. நாங்கள் அதெல்லாம் பாக்கிற ஆக்களில்லை. பிள்ளையளுக்குப் பிடிச்சால் சரி. இந்தக் காலத்திலை ஆர் உதெல்லாம் பாக்கினம்?" என்றார். நான் மூச்சு விடுவதற்குள் தொடர்ந்தார். "ஒரேயொரு விசயம். எங்கடை சொந்தக்காரர் கொஞ்சம் பழைய ஆக்கள். கலியாணக் காட்டிலை மட்டும் உங்கடை ஊர்ப்பேரைப் போடாமல் விடுவம். லண்டன் எண்டு போட்டால் காணும். எல்லாருக்கும் நல்லம்."

எங்கள் கலியாணக் காட்டில், அதாவது அழைப்பிதழில், தாய் தகப்பன் பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயர் வரும். இன்ன ஊரைச் சேர்ந்த இன்னாரின் மகள் என்று. அவர்களுடைய ஊர் வரும். என் கணவருக்கு மட்டும் லண்டன். பனங்காட்டிலிருந்து நேரே லண்டனில் விழுந்த மனிசன்.

பையன் பெரிய மூச்சு விட்டான். "நான் சொன்னேன்தானே, ஒரு பிரச்சினையும் இல்லை என்று" என்று என் மகளிடம் ஆங்கிலத்தில் சொன்னான். உண்மையான சந்தோசம். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது. நான் கதிரையைப் பின்னுக்குத் தள்ளினேன். காலையிலிருந்து தைத்து வைத்த வாய், என்ன வரப்போகிறது என்று எனக்கே தெரியாது. வந்திருந்தால் அந்த மேசை தாங்கியிராது.

அதற்கு முதல் என் மகள் பேசினாள். தமிழில். உடைந்த தமிழ்தான், ஆனால் தடுமாறவில்லை.

"இல்லை, மாமா. எங்கடை அப்பான்ரை ஊர் போடோணும்."

"பிள்ளை, அது சும்மா ஒரு காட்தானே" என்றா தாய்.

"அப்ப உங்கடையும் விடுங்கோ."

"அது எப்பிடிப் பிள்ளை விடுறது? எங்கடை ஆக்கள் என்ன நினைப்பினம்?"

"அப்ப ரெண்டும் போடோணும்."

பையன் அவளுடைய கையைத் தொட்டான். ஒரு காட்டுக்காக இப்படியா என்று ஆங்கிலத்தில் கெஞ்சினான். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு அழுகை வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. எனக்கு இவன் வேணும் என்று காலையில் சொன்னவள் அவள்தானே. அந்த விருப்பம் ஒரு நாளில் போகாது, அதையும் வைத்துக்கொண்டுதான் பேசிக்கொண்டிருந்தாள். எனக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. காலையிலிருந்து மனதுக்குள் எல்லோரையும் திட்டிக்கொண்டு இருந்த எனக்கு, அப்போதுதான் அந்த அறையில் ஒரு மனிதப்பிறவி இருப்பது கண்ணில் பட்டது.

சம்பந்தியார் தன் குறியைக் கீறிய கடதாசியைத் திருப்பிப் போட்டு, வெறும் பக்கத்தில் பென்சிலை வைத்தார். "சரி பிள்ளை, உம்மடை விருப்பம். நான் இப்பவே எழுதிக்கொள்ளுறன். சொல்லும், என்ன ஊர்?"

என் மகள் வாயைத் திறந்தாள்.

ஒன்றும் வரவில்லை. திறந்த வாய் அப்படியே நின்றது. சம்பந்தியார் பென்சிலோடு காத்திருந்தார். அந்த அம்மா கழுத்தை முன்னுக்கு நீட்டினா. என் பிள்ளை மெதுவாக என் பக்கம் திரும்பினாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"அம்மா," என்றாள். "எவடம்?"

அவளுக்குச் சாதி தெரியும், ஊர் தெரியாது. எப்படித் தெரியும்? வெளியில் யார் கேட்டாலும் என்ன சொன்னேனோ, அதைத்தான் வீட்டுக்குள் அவளுக்கும் சொல்லி வளர்த்திருந்தேன். தகப்பனுக்காக ஒரு கலியாணத்தையே பணயம் வைக்கத் துணிந்தவளிடம், அந்தத் தகப்பன் பிறந்த ஊரின் பெயர் இல்லை.

சொன்னேன். ஊரைச் சொன்னேன். ஊரில் எந்தப் பக்கம் என்று சொன்னேன். எங்களை உள்ளே விடாத அந்தக் கோயிலின் பெயரைச் சொல்லி, அதற்குப் பின்னால் எந்த ஒழுங்கை என்றும் சொன்னேன். சம்பந்தியார் எழுதவில்லை. என் மகள் எட்டி அவருடைய கையிலிருந்த பென்சிலை வாங்கினாள், கடதாசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"ஸ்பெல் பண்ணுங்கோ, அம்மா" என்றாள்.

அடுத்த மேசைக்கும் கேட்கிற குரலில், ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினேன்.